பக்கம் நாற்பத்தொன்று

கும்மிடிப்பூண்டி
2.2.2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி எபினேசருக்கு, அண்ணன் ஆசீர்வாதம் எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. பாதி மேலே ஏறுகின்றன, பாதி கீழே தொங்குகின்றன. இரும்பு பிடித்த விரல் பேனாவையும் இரும்பு என்றே நினைக்கிறது. இரண்டு பேனா உடைத்துவிட்டேன். கோவிலுக்குப் போய் வந்து உட்கார்ந்தவன், இந்தப் பத்தியை முடிக்கும்போது உன் அண்ணி ரோசம்மாள் சோறு போட்டுவிட்டாள்.

ஆனால் இது என் கை. யாரையும் கெஞ்சி எழுதச் சொல்லவில்லை. பத்து மாதமாகப் பிரின்சி டீச்சர் வகுப்புக்குப் போகிறேன். அடுத்த தெருப் பெண். பகலில் தையல், சாயங்காலத்தில் எங்களைப் போல ஒன்பது கிழங்களுக்கு எழுத்து. கண் முகாமில் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தாள். இப்போது பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கட்சிச் சுவரொட்டி ஒன்றையும் விடுவதில்லை. "வர்ற வழியில ஒரு செவுத்தக்கூட உட மாட்டியா? ஊட்டுக்கு வந்து சேருய்யா" என்று உன் அண்ணி திட்டுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீ சொந்தக்காரர்களுக்கெல்லாம் உன் புத்தகம் கொடுத்தாயே, 'உச்சியில் உன் நாற்காலி'. அன்று உன் மகள் ஜெபா எங்கள் வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் தம்பி எழுதினது என்று பெருமையாகத்தான் இருந்தது. போன மாதம் அதை நானே எடுத்துப் படித்தேன். பதினொரு நாள் ஆயிற்று. நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு மட்டும் இரண்டு நாள்.

"என் உடன்பிறந்த அண்ணன் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குப்பை மேட்டில் நிற்கிறார். ஏன்? அவருக்கு இலக்கு இல்லை. இலக்கு இல்லாதவன் முகவரி இல்லாத கடிதம்."

ஜெபா இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு உன்னைவிட மரியாதை தெரிகிறது.

இரண்டாம் பதிப்பு போடப் போகிறாய் என்று அவள் சொன்னாள். அதில் இந்தப் பக்கம் இருக்கக்கூடாது. எடுத்துவிடு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

உன் அண்ணன்
ஆசீர்வாதம்
(கைரேகை இல்லை, கையெழுத்து. பார்த்துக்கொள்.)


செவ்வாப்பேட்டை
11.2.2025

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு போன் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அறுபத்து நான்கு வயதில் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். பாராட்டுகிறேன். வருகிற கூட்டங்களில் இதை ஒரு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பக்கம் 41 பற்றி. அதில் உங்கள் பெயரை நான் போடவில்லை. நூற்று எண்பது கூட்டங்களில் இந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அரங்கம் அமைதியாகிவிடும். ஆவடியில் ஒருவர் எழுந்து நின்று அழுதார். ஒரு மனிதரின் வாழ்க்கை ஆயிரம் பேரை விழிக்க வைக்கிறது என்றால் அதில் அவமானம் எங்கே இருக்கிறது?

நான் பொய் எழுதினேனா? நீங்கள் குப்பை மேட்டில் நிற்கவில்லையா? இருபத்திரண்டு ஆண்டில் ஒரு பதவி உயர்வு உண்டா? நாம் இருவரும் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரே கழனியில்தான் களை பறித்தோம். நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்தேன். ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். இன்று மேடையில் நிற்கிறேன். நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். வித்தியாசம் இலக்கு மட்டும்தான். இதை அன்போடுதான் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தை எடுக்க இயலாது. புத்தகத்தின் முதுகெலும்பே அதுதான். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் தம்பி
எபினேசர்
வாழ்வியல் பயிற்றுநர்


கும்மிடிப்பூண்டி
16.2.2025, ஞாயிறு

தம்பி எபினேசருக்கு,

போன் செய்யச் சொல்கிறாய். போனில் நீ பேசுவாய், நான் ஊம் கொட்டுவேன். நாற்பது வருடமாக அதுதானே நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இந்தச் சுகம் எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

பெயர் போடவில்லை என்கிறாய். உனக்கு எத்தனை அண்ணன்?

அந்த இடத்தில் கூட்டம் அமைதியாகும் என்கிறாய். பசியாக இருந்திருக்கும். உன் கூட்டம் எப்போதும் ஒன்றரை மணிக்குத்தான் முடியும் என்று ஜெபாவே சொல்லியிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருடத்தில் நீ ஒரு நாளும் என் வேலை என்ன என்று கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு டீயை வைத்துக்கொண்டு படி. நீ குப்பை மேடு என்று எழுதியிருப்பது பழைய இரும்பு கொட்டுகிற யார்டு. ஓட்டைக் கட்டில், சைக்கிள், லாரி ஸ்பிரிங் பட்டை, எல்லாம் வரும். அதை உருக்கித்தான் கம்பி ஆக்குகிறார்கள். உன் மாடி வீட்டுத் தளத்துக்குள் நாங்கள் உருக்கின கம்பி இருந்தாலும் இருக்கும். உன் நாற்காலி அதன்மேல்தான் நிற்கிறது.

இரும்பு பெல்ட்டில் ஓடி வந்து ஒரு பெரிய வாளியில் விழும். கிரேன் அந்த வாளியைத் தூக்கி உலைக்குக் கொண்டுபோகும். நான் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, போகக்கூடாததை எடுத்துப் போடுவேன். போகக்கூடாததில் முதலாவது, வாய் மூடின இரும்பு. சிலிண்டர், இரண்டு பக்கமும் அடைத்த குழாய், வண்டியின் ஷாக் அப்சர்பர். உள்ளே காற்றோ எண்ணெயோ மாட்டிக்கொண்டிருக்கும். உலைக்குள் விழுந்தால் வெடிக்கும். உருகின இரும்பு மழை மாதிரி எழும்பி மேலே நிற்கிறவன்மேல் விழும்.

மேலே நிற்கிறவன் சின்னராசு. எங்கள் தெருக்காரன். தினமும் டீக்கடையில் என்னைப் பார்த்து, "பெரிப்பா, கண்ணத் தொறந்துக்கினு நில்லு. பொண்ணு கல்யாணம் பாக்காம நான் வேகக்கூடாது" என்பான். எனக்கு இலக்கு இல்லை என்று நீ எழுதினாய். தினமும் காலையில் என் எதிரே நின்று டீ குடிக்கிறதே, அது என்ன?

இன்னொன்று கேள். இந்தப் படிப்பு வந்த பிறகு அந்த வேலையே எனக்குப் புதிதாகிவிட்டது. கடை போர்டு, கல்வெட்டுத் தகடு, பஸ்ஸின் பின்பக்கம், எல்லாவற்றிலும் எழுத்து. இருபத்திரண்டு வருடம் ஊமையாக வந்த இரும்பு இப்போது பேசிக்கொண்டே வருகிறது.

அந்தப் பக்கத்தை எடு.

ஆசீர்வாதம்


செவ்வாப்பேட்டை
24.2.2025

மதிப்பிற்குரிய அண்ணா,

உங்கள் வேலையைப் பற்றி விளக்கமாக எழுதியதற்கு நன்றி. பொறுக்கி எடுக்கும் வேலை என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஒரு செய்தி. உங்கள் நிறுவனமே என்னை அழைத்திருக்கிறது. மார்ச் 3 முதல் மூன்று நாள், எல்லா ஷிப்டுகளுக்கும் பயிற்சி. வேகம், இலக்கு, வெற்றி என்பது தலைப்பு. உங்கள் மேனேஜர் புத்தகத்தில் இருநூறு பிரதி வாங்கி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒன்று கொடுக்கப் போகிறார். பேசும்போது அவர் பக்கம் 41ஐத்தான் குறிப்பிட்டுப் பாராட்டினார். அந்த அண்ணன் தன்னிடமே வேலை செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நீங்கள் தயங்காமல் வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். உங்களை என் அண்ணன் என்று அறிமுகப்படுத்த மாட்டேன், கவலை வேண்டாம். ஒரு சட்டை வாங்கி ஜெபாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்று அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எபினேசர்


கும்மிடிப்பூண்டி
9.3.2025, ஞாயிறு

தம்பிக்கு,

நீ அனுப்பின சட்டையை நம் கோவில் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு நன்றாக இருக்கிறது. இப்போது பார்த்தால் அவரும் பயிற்றுநர் போலத்தான் தெரிகிறார்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காத மாதிரி பார்த்ததையும் பார்த்தேன். "என்னால் முடியும்" என்று பத்துத் தடவை கத்தச் சொன்னாய். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே கத்தினார்கள். பிறகு எல்லோரையும் நாற்காலிமேல் ஏறி நிற்கச் சொன்னாய். உச்சி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் சூப்பர்வைசர் ஆதிகேசவன் ஏறின நாற்காலியின் கால் முறிந்தது. அவர் விழுந்தபோது நீ, "விழுவதும் வெற்றியின் ஒரு படி" என்றாய். அவர் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறுகிறார். இந்தச் சிரிப்புக்காகவே உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். வெகு நாளாயிற்று அப்படிச் சிரித்து.

புத்தகத்தை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் என்னைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சின்னராசு கேட்டான், "பெரிப்பா, நீ அட்ரஸ் இல்லாத லெட்டராமே? அப்போ தினமும் சாயங்காலம் எந்த ஊட்டுக்குப் போயிக்கினு இருக்கே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

இப்போது நீ வைத்துவிட்டுப் போன போட்டிக்கு வருகிறேன். எந்த ஷிப்டு அதிக இரும்பை உலைக்கு அனுப்புகிறதோ அவர்கள் போட்டோவை வாசலில் மாட்டுவார்களாம். 'இந்த மாத வெற்றியாளர்கள்.' ஆதிகேசவன் போனில் கடிகாரத்தை ஓட விட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். நீ இரும்பைப் பார்த்தது உன் கார் கதவில்தான். பெல்ட் வேகமாக ஓடினால் கண்ணுக்குத் தப்பும். தப்பினால் ஒருவன் வேகுவான். அப்படி ஏதாவது நடந்தால் அது உன் தலையில்தான் விடியும். இதை எழுதி வைக்கிறேன். கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

ஆசீர்வாதம்


செவ்வாப்பேட்டை
26.3.2025

அண்ணா,

திருப்திதானே?

20ஆம் தேதி உலை வெடித்த செய்தி எனக்கு உங்களிடமிருந்து வரவில்லை. உங்கள் மேனேஜர் போனில் கத்தினார். சின்னராசுவுக்குக் கையும் கழுத்தும் வெந்துவிட்டது என்றார். பயிற்சிக்குப் பிறகு ஏற்பட்ட அவசரமே காரணம் என்று அறிக்கை எழுதியாகிவிட்டதாம். அதில் என் பெயர் இருக்கிறது. அதே தொழிற்பேட்டையில் இன்னும் இரண்டு நிறுவனங்கள் என் நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டன. வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. என் புத்தக அட்டை, கீழே "உச்சியில் நாற்காலி, உலையில் ஆள்". ஜெபாவின் கல்லூரி வரைக்கும் போயிருக்கிறது. அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உங்கள் 9ஆம் தேதிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. நான் இரும்பைப் பார்த்தவன் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அச்சகத்தில் இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பக்கம் 41 இனி வராது. புத்தகமே வராது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். எழுத்துக் கற்றது வீண் போகவில்லை.

எபினேசர்


கும்மிடிப்பூண்டி
30.3.2025, ஞாயிறு

தம்பி எபினேசருக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, பழி உன்மேல் விழுந்தது எனக்குத் தெரியும். இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். ரோசம்மாள் கறி எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். ஒரு பக்கம் சின்னராசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இன்னொரு பக்கம் நான் எலும்பு கடிக்கிறேன். உன்னைப் பற்றி இத்தனை நாள் நான் எழுதின கேவலம் எல்லாம் இந்த ஒரு சாப்பாட்டுக்கு ஈடாகாது.

உன் போட்டியால் அது வெடிக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பெல்ட் நின்று நின்றுதான் ஓடியது. மாட்டு வண்டி அதைவிட வேகமாகப் போகும். ஆதிகேசவன் டீ குடிக்கப் போயிருந்தார். அவசரம் என்று ஒன்று அன்று இல்லவே இல்லை.

பெல்ட்டில் ஒரு எவர்சில்வர் அண்டா வந்தது. அது உலைக்குப் போகக்கூடாது, எடுத்துத் தனியே வைக்க வேண்டும். எடுத்தேன். அதுவரை சரி. விளிம்பில் புள்ளி புள்ளியாய்ப் பெயர் வெட்டியிருந்தது. நம் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் இருக்குமே, அதுபோல. அந்த வாரம்தான் டீச்சர் ஹ எழுத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அண்டாவில் அது இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "சௌபாக்கியவதி ஹம்ஸா திருமணத்திற்கு சித்தப்பா ஸம்பத்குமார் அன்பளிப்பு." ஊரும் வருடமும் இருந்தன. திருவள்ளூர், 1996. விரல் வைத்துப் படித்தேன். யாரோ ஒரு திருவள்ளூர்ப் பெண்ணின் கல்யாணத்தில் போய் நின்ற மாதிரி இருந்தது. அவ்வளவு ஆனந்தம். முழுதும் படித்து முடித்தேன், எபினேசர். ஒரு எழுத்தை விடவில்லை.

தலை நிமிர்ந்தபோது ஒரு ஷாக் அப்சர்பரின் நுனி வாளிக்குள் சரிவதைப் பார்த்தேன். பார்த்தேனா இல்லையா என்று யோசித்தேன். தலைக்கு மேலே கயிறு இருக்கிறது. இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஏன் இழுத்தாய் என்று கேட்பார்கள். பாத்திரத்தில் பெயர் படித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றாக இருக்கும், வாய் திறந்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிரேன் வாளியைத் தூக்கிவிட்டது.

எழுத்துத் தெரியாதவனாக இருபத்திரண்டு வருடம் ஒன்றைக்கூட விடாத கண், எழுத்துத் தெரிந்த ஒரு வருடத்துக்குள் விட்டுவிட்டது. உன்னை மேடைக்காரன் என்று கேலி செய்தேன். ஒரு பழைய அண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நானும் மேடை ஏறியிருக்கிறேன்.

இது யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நாளைக்கு மேனேஜரிடம் போக வேண்டும். கால் வரவில்லை.

ஆசீர்வாதம்


செவ்வாப்பேட்டை
3.4.2025

அண்ணே,

போகாதே.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. புரிகிறதா?

அறுபத்து நாலு வயதில் உன்னை யார் வேலைக்கு வைப்பார்கள்? என் பெயர் கெட்டால் நான் வேறு ஊருக்குப் போவேன். காஞ்சிபுரம் இருக்கிறது, வேலூர் இருக்கிறது. விழுந்து எழுந்த கதை என்று அதையே பேசிவிட்டு வருவேன். நாலு கூட்டத்தில் என் பெயரைக் கழுவிக்கொள்வேன். உனக்குக் கழுவிக்கொள்ள மேடை ஏது? நீ வாய் திறந்தால் இருபத்திரண்டு வருடமும் போய்விடும். கடைசியில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நான் எழுதினதுதான் உண்மை என்று ஊர் சொல்லும்.

பழி என்மேல் இருக்கட்டும். நான் தாங்குவேன். உன்னால் முடியாது. இந்த ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேள்.

எபி


கும்மிடிப்பூண்டி
20.4.2025, ஈஸ்டர் ஞாயிறு

தம்பி எபிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது நான் போய் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உன்னால் தாங்க முடியாது என்கிறாய். உன் கார் டிக்கியில் அடுக்கி வைத்திருக்கிற புத்தகக் கட்டைக்கூட நீ தூக்கினதில்லை, ஜெபாதான் தூக்குவாள். நீ என் பழியைத் தூக்கப் போகிறாயாம். பிறகு இன்னொரு தடவை படித்தேன். "எபி" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். கழனியில் களை பறித்த நாளில் கூப்பிட்ட பெயர். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை.

மேனேஜர் அறையில் நடந்ததைக் கேள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல், "தாத்தா, ரிப்போர்ட் போயாச்சு. டிரெயினிங்தான் காரணம்னு எழுதியாச்சு. நீங்க போயி வேலையப் பாருங்க" என்றார். தப்பு செய்தேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான், அதைக் கேட்கவும் அவருக்கு நேரமில்லை. வேகத்தில் உன்னிடம் பாடம் படித்தவர் அல்லவா.

நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். எதற்கு என்றார். எழுதிக் கொடுக்க என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருடமாக என் கட்டைவிரலைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மின்விசிறிக்குத் தாள் பறக்கிறது என்று அவரே அதை நிறுத்தினார். வேர்த்துக்கொண்டே இருந்தார், பாவம். எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க முடியாதல்லவா? ரிப்போர்ட்டைத் திருத்தினார்கள். உன் பெயரை எடுத்துவிட்டார்கள். நகல் ஒன்று கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நிறுவனத்துக்கும் காட்டு. என்னைப் பதினைந்து நாள் நிறுத்தி வைத்தார்கள். பிறகு வாசல் கூட்டுகிற வேலை தருவதாகச் சொன்னார்கள்.

சின்னராசுவைப் போய்ப் பார்க்கத்தான் எனக்குப் பயம். ரோசம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கழுத்திலிருந்து முழங்கை வரை கட்டு. நான் சொல்லி முடிக்கிற வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு கேட்டான்.

"அப்படி இன்னாதான் பெரிப்பா எழுதியிருந்துச்சு?"

சொன்னேன். ஹம்ஸா, ஸம்பத்குமார், 1996, எல்லாம் சொன்னேன்.

"முன்னப்பின்ன தெரியாத கல்யாணத்துக்கு என் தோல உரிச்சு மொய் வச்சிக்கினு வந்திருக்கே" என்றான். சிரிக்கப் போய் கட்டு இழுத்து, வலியில் கெட்ட வார்த்தையாகத் திட்டினான். என்னைத்தான். ரோசம்மாள் காதை மூடிக்கொண்டாள். நான் முழுதும் கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

திட்டி ஓய்ந்த பிறகு, வாசல் கூட்டுகிற வேலை பற்றிச் சொன்னேன். அவன் மறுபடி திட்டினான். "வாசல நீ கூட்டு, பெல்ட்டாண்ட எவனையாவது புதுசா நிக்க வை. நல்லா இருக்குது நியாயம். உனக்கு இப்போ பயம் வந்திருக்குது. வர்றவனுக்கு அந்தப் பயம் வர இன்னொருத்தன் வேகணும். அது நானா இருக்க மாட்டேன். நான் திரும்பி வர்றப்போ நீ அங்க நிக்கணும். கண்ணாடிய மட்டும் ஊட்ல வச்சிட்டு வா." இதையே மேனேஜருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். வெந்தவன் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை, காலை ஷிப்டு, அதே பெல்ட். மூன்று மாதம் பார்ப்பார்களாம். சின்னராசு இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று சொல்கிறேன். புத்தகம் போடு. அந்தப் பக்கம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உன் பாடு. ஆனால் ஒன்று. அந்த இருபத்திரண்டு வருடம் என்னுடையது என்றுதானே உன்னோடு சண்டை போட்டேன். அப்படியென்றால் அந்த வியாழக்கிழமையும் என்னுடையதுதான். அதை எடுத்துக்கொண்டு போய் உன் பெயரில் வைத்துக்கொள்ள நீ யார்? எனக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான். அதில் நல்லதை எனக்கும் கெட்டதை உனக்கும் பிரிக்க அது என்ன கழனியா?

அடுத்த ஞாயிறு உனக்கு எழுதுவேன். அந்தக் கடிதத்தில் பெரிதாக எதுவும் இருக்காது. ஆறு நாள் நின்றேன், ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரே வரிதான் இருக்கும். படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று நீ இளிப்பாய். இளித்துக்கொள். அந்த ஒரு வரிக்காக நான் ஆறு நாளும் கண்ணைச் சிமிட்டாமல் நின்றிருப்பேன்.

உன் அண்ணன்
ஆசீர்வாதம்